உடல் பருமனும் தோள் தசைநாண் தையலும்: ஆபரேஷனுக்கு முன் எடையா, சர்க்கரையா?

ஃபீனிக்ஸ்_சிஸ்டர் (டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

மாமாவுக்கு வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிய தசைநாண்கள்) கிழிசல். வயது 57, உயரம் 172 செ.மீ., எடை 108 கிலோ, பிஎம்ஐ 36.5. எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரைச் சராசரி) 8.6. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் எடுக்கிறார். பெரிய குறட்டை, ஆனால் தூக்கப் பரிசோதனை எதுவும் செய்ததில்லை. எம்ஆர்ஐ அறிக்கைப்படி கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் முழுத் தடிமனும் கிழிந்திருக்கிறது. முன்பின் அகலம் 3.2 செ.மீ., நுனி 2 செ.மீ. உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, தசையில் கொழுப்பு ஊடுருவல் கூட்டாலியே அளவுகோலில் 2. விழுந்து அடிபட்டதல்ல, ஒன்றரை வருடமாக மெதுவாக வந்த வலி. செப்டம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள், கையில் மூன்று மாதம் இருக்கிறது.

வீட்டில் இரண்டு கட்சி. இருபது கிலோ இறக்கிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும் என்கிறார் அத்தை. எடைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம், தோளிலா நடக்கிறேன் என்கிறார் மாமா. நான் மகப்பேறு வார்டில் வேலை செய்பவள், எலும்புப் பக்கம் பழக்கம் இல்லை. என் கேள்விகள்:

தசைநாண் ஒட்டாமல் போவதற்குக் காரணம் கொழுப்பா, சர்க்கரையா, வெறும் பாரமா? தேதியைத் தள்ளிப்போடலாமா? பருமனான ஒருவருக்கு வீட்டில் வேறு மாதிரி என்ன ஏற்பாடு வேண்டும்? செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி விரதம் நடுவில் வருகிறது, அதையும் சொல்லுங்கள்.

---

தோள்_டாக்டர் (டர்பன்):

சிஸ்டர், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது கிலோவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காகக் காத்திருப்பது நியாயம், அதற்கு உங்களிடம் இருக்கும் மூன்று மாதம் போதும்.

தைத்த தசைநாண் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். இயற்கையான இணைப்பில் தசைநாண், மென்குருத்தெலும்பு, சுண்ணம் ஏறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு அடுக்கு உண்டு. கிழிந்து தைத்த பிறகு அந்த நான்கும் திரும்ப வராது, வருவது தழும்புத் திசுதான். முதல் வாரம் அழற்சி. அதன்பின் ஆறு வாரம் வரை செல்கள் பெருகி மூன்றாம் வகை கொலாஜனைப் போடும், இது பலவீனமானது. ஆறாவது வாரத்திலிருந்து அது மெல்ல முதல் வகை கொலாஜனாக மாறும். இது ஒரு வருடத்துக்கு மேலும் நடக்கும். முதல் மூன்று மாதம் தசைநாணை எலும்போடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் நூலும், அதை எலும்பில் பிடிக்கும் ஆங்கர் என்ற சிறு ஆணியும்தான். மறுபடி கிழிபவற்றில் பெரும்பங்கு இந்தக் காலத்திலும் அதை ஒட்டிய சில வாரங்களிலும் கிழிவது அதனால்தான்.

பருமன் இந்த வேலையில் மூன்று பக்கமிருந்து தலையிடுகிறது. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களை நாள் முழுக்கச் சுரக்கிறது, அழற்சியை அடக்கும் அடிபோனெக்டின் குறைகிறது. முதல் வாரத்தோடு அடங்க வேண்டிய அழற்சி நீள்கிறது, புதிதாகப் போட்ட கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் கூடவே நிற்கின்றன. இரண்டாவது சர்க்கரை. அது கொலாஜன் இழைகளோடு ஒட்டி நிரந்தரக் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. வெயிலில் கிடந்து காய்ந்த ரப்பர் வளையம்போல் தசைநாண் விறைக்கிறது, இழுத்தால் நீளாமல் நூல் போன இடத்தில் கிழிகிறது. கொலாஜன் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுவதால் பழைய சேதம் ஆபரேஷனுக்கு முன் மாறிவிடாது. ஆனால் புதிதாக உருவாகும் தழும்பு அன்றைய சர்க்கரை அளவில்தான் உருவாகிறது, அது நம் கையில் இருக்கிறது. மூன்றாவது பாரம். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். மாமாவுக்கு 5.4 கிலோ. 70 கிலோ மனிதருக்கு 3.5. கையை வெறுமனே பக்கவாட்டில் தூக்கினாலே தையலில் விழும் இழுவை அந்த அளவு அதிகம்.

மூன்றில் எதை நம்பி எண் சொல்லலாம் என்றால், சர்க்கரையைத்தான். 2015இல் கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், எச்பிஏ1சி 7க்குக் கீழே இருந்த சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தையல் பிரிந்தது. 7ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல். சர்க்கரை இல்லாதவர்களில் ஏழில் ஒருவருக்கு.

தள்ளிப்போடலாமா என்றால்: கூட்டாலியே 2 என்பது கொழுப்பு இருக்கிறது, ஆனால் தசைதான் அதிகம் என்ற நிலை. 3 என்றால் சரிபாதி, 4 என்றால் கொழுப்பே மேல். இந்தத் தசைக் கொழுப்பு உடல் இளைத்தால் கரையும் கொழுப்பு அல்ல. கிழிந்த தசை வேலையின்றிக் கிடப்பதால் உள்ளே புகுவது. தைத்த பிறகும் பெரும்பாலும் பின்வாங்காது. 2லிருந்து 3க்குப் போய்விட்டால் எவ்வளவு எடை குறைத்தும் பயனில்லை. அத்தை கேட்கும் இருபது கிலோவுக்கு ஒரு வருடமாவது ஆகும், அந்த ஒரு வருடம் நம்மிடம் இல்லை. மெதுவாக வந்த தேய்மானக் கிழிசல் என்பதால் மூன்று மாதம் பொறுக்கும். விழுந்து கிழிந்ததாக இருந்தால் அதையும் தரமாட்டேன்.

ஆகவே எச்பிஏ1சியை 7.5க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். பல இடங்களில் 8 அல்லது 8.5ஐத் தாண்டினால் அவசரமில்லாத ஆபரேஷனை ஒத்திவைக்கிறார்கள். அந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால் ஆகஸ்டில் மருந்தைக் கூட்டிவிட்டு செப்டம்பரில் நல்ல எண்ணை எதிர்பார்க்க முடியாது. இந்த வாரமே மருந்து மாற்றம் நடக்க வேண்டும். கடைசியில் இழுபறியாக இருந்தால் ஃப்ரக்டோசமின் கேளுங்கள், அது கடந்த இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும். எடை 5 முதல் 7 கிலோ இறங்கினால் நல்லது, இறங்காவிட்டால் தேதியை விடாதீர்கள்.

இன்னொன்று. வலிக்காக யாராவது தோளில் ஸ்டீராய்டு ஊசி போட முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு மாதத்தில் போட்டால் கிருமித் தொற்று கூடும், சர்க்கரையும் சில நாள் எகிறும். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். புகையிலை, ஹூக்கா எதுவானாலும் இன்றே விட வேண்டும்.

ஆபரேஷனில் கேட்க வேண்டியது: 3 செ.மீ.க்கு மேல் என்பதால் இரட்டை வரிசைத் தையலா என்று கேளுங்கள். பெரிய கிழிசலில் ஒற்றை வரிசையைவிட அது குறைவாகப் பிரிகிறது. முகப்பருக் கிருமியான க்யூட்டிபாக்டீரியம் அக்குளிலும் தோளிலும் வாழ்வது. 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு வாஷ் மூன்று நாள் முன்பிருந்து தோளுக்கும் அக்குள் மடிப்புக்கும் போடலாம். துண்டு வெளுக்கும், பழைய துண்டைக் கொடுங்கள். கிருமித் தொற்றைத் தடுக்கும் செஃபசோலின் ஊசி 2 கிராம் போதும். 3 கிராம் 120 கிலோவிலிருந்து.

---

ஆய்வு_வாசகர் (கேப் டவுன்):

டாக்டர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பருமனுக்கும் தோள் தையலின் பலனுக்கும் தொடர்பில்லை என்று 2010இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. அடுத்த வருடமே, பருமனானவர்களுக்கு ஆபரேஷன் நேரமும் மருத்துவமனை நாளும் அதிகம், பலன் குறைவு என்று இன்னொன்று வந்தது. இரண்டும் ஒரே பத்திரிகையில். அப்படியிருக்கப் பருமன்தான் காரணம் என்று குடும்பத்தைப் பயமுறுத்துவது சரியா?

---

தோள்_டாக்டர் (டர்பன்):

பயமுறுத்தவில்லை, எடைக்காகத் தேதியைத் தள்ள வேண்டாம் என்பதுதான் நான் சொன்னது. ஆய்வுகள் முரண்படுவது உண்மை. பெரும்பாலானவை வலி எவ்வளவு, கை எவ்வளவு உயர்கிறது என்ற மதிப்பெண்ணை அளக்கின்றன. தசைநாண் எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்பதை ஸ்கேன் வைத்துத்தான் பார்க்க முடியும், இரண்டும் ஒன்றல்ல. தையல் பிரிந்தும் வலியில்லாமல் இருப்பவர் நிறைய. பாரம் தூக்கும்போதுதான் பலக்குறைவு தெரியும். பெரிய கிழிசலில் இது இன்னும் வெளிப்படை: 2004இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் மிகப் பெரிய கிழிசல் தைத்த 18 பேரில் 17 பேருக்கு மறுபடி பிரிந்திருந்தது, ஆனாலும் முதல் வருடத்தில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள்.

இரண்டாவது, பிஎம்ஐ என்ற எண்ணே நம்மவர்களுக்கு ஒழுங்காகப் பொருந்தாது. 30 என்ற கோடு ஐரோப்பியருக்குப் போட்டது. ஆசிய உடலமைப்புக்கு 27.5லேயே அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லிவிட்டது. பிஎம்ஐ 29ல் தொப்பையும் எச்பிஏ1சி 9ம் வைத்திருப்பவரை ஆய்வு ஒல்லிப் பக்கம் எழுதிவிடும். இடுப்புச் சுற்றளவை அளந்து பார்ப்பது மேல்.

---

மயக்கவியல்_பிஎம்பி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

எல்லோரும் தசைநாணைப் பற்றியே பேசுகிறீர்கள். அன்றிரவு மூச்சு ஒழுங்காக ஓடினால்தானே மறுநாள் தசைநாண்?

தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தில் போடும் நரம்பு மரப்பு ஊசி, இன்டர்ஸ்கேலீன் பிளாக், வலிக்கு அருமையானது. ஆனால் பக்கத்தில் ஓடும் ஃப்ரெனிக் நரம்பையும் மரக்கச் செய்து அந்தப் பக்க உதரவிதானத்தை நிறுத்திவிடும். 20 மில்லி மருந்து போட்டால் ஏறத்தாழ எல்லோருக்கும் இது நடக்கும், மூச்சின் கொள்ளளவில் கால்வாசிக்கு மேல் போய்விடும். ஒல்லியானவர் கவனிக்கவே மாட்டார். வயிறு ஏற்கெனவே உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் 108 கிலோ மனிதர், அதுவும் குறட்டைக்காரர், உடனே உணர்வார். அல்ட்ராசவுண்டு பார்த்து 5 மில்லி போட்டால் பாதிப்பேருக்கும் குறைவாகவே உதரவிதானம் நிற்கிறது. இல்லையென்றால் சுப்ராஸ்கேப்புலர், ஆக்ஸிலரி நரம்புகளுக்குத் தனித்தனியாகப் போடலாம். எந்த பிளாக் என்று தேதிக்கு முன்பே கேளுங்கள். ஆபரேஷன் காலையில் கேட்டால் அவசரத்தில் வழக்கமானதுதான் கிடைக்கும்.

தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்குமா என்று கணிக்கும் ஸ்டாப்-பேங் கேள்வித்தாளை இன்றே நிரப்புங்கள். குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு, ஆண் என்று எட்டு கேள்வி. மாமா குறட்டை, பிஎம்ஐ, வயது, ஆண் என்ற நான்கோடு தொடங்குகிறார். ஐந்தானால் ஆபத்து அதிகம். ஒரே ஒரு மதிப்பெண்தான் பாக்கி, கழுத்தை டேப் வைத்து அளந்தாலே தெரிந்துவிடலாம். மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியை இப்போதே தொடங்கிப் பழக வேண்டும். மருத்துவமனைக்கும் அதையே கொண்டுபோக வேண்டும். வீட்டில் மின்சாரம் போனாலும் இரவு ஓட இன்வெர்ட்டரோ பேட்டரியோ வையுங்கள். நம் ஊரில் இதையும் மருந்துச் சீட்டில் எழுத வேண்டியிருக்கிறது.

எம்பாகிளிஃப்ளோசினை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும். சர்க்கரை சாதாரண அளவில் இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அந்த மருந்துக்கு உண்டு; குளுக்கோமீட்டரை நம்பி ஏமாந்துபோகலாம். அந்த மூன்று நாளுக்கு மாற்று என்ன என்று சர்க்கரை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வாந்திக்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஒரு நாள் சர்க்கரையை ஏற்றும், பதற வேண்டாம். அன்றைய இலக்கு 6 முதல் 10 மில்லிமோல்.

வலி மாத்திரை: ஃபார்மசி கவுண்டரில் கேட்டதும் கிடைக்கும் கோடீன் கலந்த மாத்திரைகள் குறட்டைக்காரருக்கு இரவில் ஆகாது. பாராசிட்டமால் நேரம் தவறாமல், ஐஸ், சாய்ந்த படுக்கை என்று ஆரம்பியுங்கள். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளில் செலகாக்ஸிப் வகையை முதல் வாரங்களில் பல தோள் நிபுணர்கள் தவிர்க்கிறார்கள். இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

பிசியோ_சாட்ஸ்வொர்த்:

அக்கா, வீட்டு ஏற்பாடு பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பருமனானவர்களுக்குத் தையல் பிரிவதில் ரத்தப் பரிசோதனையில் தெரியாத ஒரு காரணம் உண்டு: எழுந்திருப்பது. தாழ்ந்த சோபாவிலிருந்து 108 கிலோ எழும்போது இரண்டு கையையும் ஊன்றாமல் முடியாது. ஸ்லிங் போட்டிருக்கிறோம் என்பது மறந்து, பாதித் தூக்கத்தில் கழிவறைக்குப் போக ஒரு முறை ஊன்றினால் போதும்.

ஆகவே இந்த மூன்று மாதத்தில் தோளைவிடத் தொடைக்கு அதிக வேலை. 50 செ.மீ. உயர நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருதல், பத்து பத்தாக மூன்று முறை, தினமும். பழகியதும் 45 செ.மீ. வீட்டிலுள்ள எந்த நாற்காலியிலிருந்தும் கையில்லாமல் எழ முடியும் என்ற நிலைக்கு வந்தபின்தான் அவர் ஆபரேஷனுக்குத் தயார் என்பேன். எழ முடியாத சோபாவை அந்த ஆறு வாரம் வேறு அறைக்குத் தள்ளிவிடுங்கள். கழிவறையில் உயரம் கூட்டும் இருக்கை வையுங்கள். வீட்டில் குளியல் தொட்டி மட்டும்தான் என்றால் அதில் இறங்க வேண்டாம். விளிம்பைப் பிடித்து எழுவதும் அதே ஊன்றல்தான், ஈரத்தில் வழுக்கலும் சேரும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாளிக் குளியல்.

படுக்கை: சாய்வு நாற்காலி நல்லது, 30 முதல் 45 டிகிரி, குறட்டைக்கும் அதுவே உதவும். ஆனால் அந்த நாற்காலியின் நெம்புகோல் பெரும்பாலும் வலது பக்கம். மாமாவுக்கு ஆபரேஷனும் வலது. வேறு யாராவது இழுத்துவிட வேண்டும், அல்லது மின்சார நாற்காலி. மல்லாந்து சாய்ந்தால் பருத்த உடலில் முதுகு உயர்ந்து, முழங்கை பின்னால் படுக்கை நோக்கித் தொங்கும். அது தையலை நேராக இழுக்கும். மடித்த துண்டோ தலையணையோ முழங்கைக்குக் கீழே வைத்து, பக்கத்திலிருந்து பார்த்தால் முழங்கை உடம்பின் நடுக்கோட்டுக்கு முன்னால் இருக்கும்படி பாருங்கள். ஒவ்வொரு இரவும் இதை யாராவது பார்க்க வேண்டும், தானாகத் தெரியாது.

ஸ்லிங்கை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுப் பாருங்கள். பக்கத்தில் தலையணை வைத்த வகையின் இடுப்புப் பட்டை பெரிய இடுப்புக்குப் பத்தாது. நீட்டிப்புப் பட்டை கேட்க வேண்டும். தலையணை தொப்பையின் மேல் வழுக்கி முன்னால் வந்துவிட்டால் ஸ்லிங் வெறும் அலங்காரம்தான். மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழக் கூடாது. அக்குளைத் தினமும் இரண்டு முறை காற்றாட விட வேண்டும்: நின்றபடி இடது கையால் மேஜையைப் பிடித்து லேசாகக் குனிந்தால் வலது கை தானாக விலகும், ஈரத்தை ஒற்றி எடுத்து ஒரு பருத்தித் துணிப் பட்டையை வையுங்கள். அக்டோபர் நவம்பரில் டர்பன் புழுக்கத்தில் இதை விட்டால் ஒரு வாரத்தில் மடிப்பு சிவந்து பூஞ்சை வரும். ஆபரேஷன் துளைக் காயம் இரண்டு விரல் தள்ளித்தான் இருக்கிறது.

பயிற்சியில், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் ஊஞ்சல் பயிற்சி எல்லா அச்சிட்ட தாளிலும் இருக்கும். இவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தொப்பை இருப்பவரால் இடுப்பில் சரியாகக் குனிய முடியாது. உடம்பால் ஆட்ட வேண்டியதைத் தோளால் ஆட்டுவார். 50 செ.மீ. அகல வட்டமாகச் சுற்றினால் சுப்ராஸ்பைனேட்டஸ் தன் முழு பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வேலை செய்வதாகத் தசை மின்பதிவு ஆய்வு உண்டு. அதற்குப் பதில் மேஜைத் தள்ளல்: நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மேஜையில் ஒரு துண்டின் மேல் வைத்து, உடம்பை முன்னால் சாய்ப்பது. கை போகாது, உடம்புதான் போகும்.

காலக்கணக்கு, டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதே: முதல் இரண்டு வாரம் விரல், மணிக்கட்டு, முழங்கை மட்டும். பைசெப்ஸ் நாணையும் மாற்றிப் பொருத்தியிருந்தால் முழங்கையையும் தானாக மடக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு வரை மேஜைத் தள்ளல், முன்னால் 90 டிகிரி, வெளிச்சுழற்சி 20 டிகிரி, அவ்வளவே. ஆறு வாரம் ஸ்லிங். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இடது கையின் உதவியோடு. பன்னிரண்டுக்குப் பிறகுதான் மிக மெல்லிய ரப்பர் பட்டை. தானாகத் தூக்க ஆரம்பிக்கும்போது படுத்துக்கொண்டு, முழங்கையை மடக்கி. டாக்டர் சொன்ன அந்த 5.4 கிலோ நீட்டிய கையில் தரும் இழுவை, மடக்கினால் ஏறத்தாழ பாதியாகும். பிறகு 30, 45, 60 டிகிரி சாய்வு, கடைசியில் உட்கார்ந்து.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், அதனால் குடும்பம் மூன்றாவது வாரமே பயந்து இழுக்க ஆரம்பிக்கும். மூன்றாம் மாதம் இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் ஒரு வருடத்தில் அவிழ்கிறது. பிரிந்த தையல் தானாக ஒட்டாது. எந்தப் பக்கம் தவறலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மினிபஸ் டாக்சியின் இழுக்கும் கதவைத் திறப்பதும், உள்ளே ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் நான்கு மாதத்துக்குக் கிடையாது. மெடிக்கல் எய்டு மருத்துவக் காப்பீட்டில் பிசியோ எத்தனை முறை என்று இப்போதே கேளுங்கள். முதல் ஆறு வாரத்தில் வாரம் ஒருமுறை போதும். மிச்சத்தை மூன்றாம் மாதத்துக்குச் சேமியுங்கள், அப்போதுதான் தேவை அதிகம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பயோகைனெட்டிசிஸ்டிடம் (உடற்பயிற்சி மூலம் மீட்கும் நிபுணர்) போகலாம்.

---

உணவியல்_லெனேசியா:

சிஸ்டர், புரட்டாசிக்கு வருகிறேன். தசைநாணுக்குப் புரதம் அதிகம் வேண்டிய ஆறு வாரமும் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் இல்லாத மாதமும் ஒன்றாக வருகின்றன. விரதத்தை விடச் சொல்லமாட்டேன், கணக்குப் போட்டால் சமாளிக்கலாம்.

புரதத்தை 108 கிலோவுக்குக் கணக்கிடக் கூடாது. அவர் உயரத்துக்கு உரிய எடை சுமார் 68 கிலோ. மிகுதி 40இல் கால்வாசியைச் சேர்த்தால் 78. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றால் நாளுக்கு 94 முதல் 117 கிராம். விரத உணவில் இதோ 94: மாஸ் (தயிர் போன்ற புளித்த பால்) அரை லிட்டர் 16, உலர்ந்த சோயா மின்ஸ் 50 கிராம் 25, கெட்டிப் பருப்பு ஒரு கப் 16, வெந்த சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்றது) ஒரு கப் 15, வே புரதப் பொடி ஒரு கரண்டி 22. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். இதற்கு முன் சிறுநீரகச் சோதனை, சிறுநீரில் அல்புமின், இரண்டும் பார்த்தாக வேண்டும். சர்க்கரைக்காரருக்குப் பார்க்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

விரதத்தில் உண்மையான ஆபத்து புரதக் குறைவு மட்டுமல்ல, மாவுச்சத்து. கறி போன இடத்தை உருளைக்கிழங்கு, வெஜிடபிள் பிரியாணி, ரொட்டி, பாயசம் பிடித்துக்கொள்கின்றன. பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) சைவம்தான், விரதம் கெடாது. ஆனால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்றால் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பீன்ஸை ரொட்டி இல்லாமல் கிண்ணத்தில் சாப்பிடச் சொல்லுங்கள். விரதம் முடிந்ததும் டின் மீன் குழம்பு மலிவும் எளிதும்: வடித்த பில்சர்ட் 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம்.

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்போடு நிறுத்த வேண்டும். அதன்பின் ஆறு வாரம் எடை அப்படியே நின்றால் போதும். அப்போது பட்டினி போட்டால் உடல் தசையையும் கரைக்கும். சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசி தொடங்குவதாக இருந்தால் இந்த மாதமே தொடங்கட்டும். ஆபரேஷன் நெருங்கும்போது அளவைக் கூட்ட வேண்டாம், குமட்டலில் புரதம் இறங்காது. இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் மயக்கவியல் டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

---

ஃபீனிக்ஸ்_சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. கழுத்து 44 செ.மீ., ஆக ஐந்து மதிப்பெண். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அத்தையையும் சமாளித்துவிட்டேன். மாமா இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா? வருடம் தவறாமல் எடுப்பவர்.

---

பிசியோ_சாட்ஸ்வொர்த்:

தைப்பூசம் வரும்போது நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். காவடி வேண்டாம். தோளில் சுமப்பதைவிட, ஆடாமல் இருக்க இரண்டு கையையும் உயர்த்தி மணிக்கணக்காகப் பிடிப்பதுதான் பிரச்சினை. அதற்குப் பதில் பால்குடம் என்று யாராவது சொல்வார்கள். தலையில் வைத்துக் கையை மேலே உயர்த்திப் பிடிப்பது தையலுக்குக் காவடியைவிடச் சுலபம் இல்லை. இடது கையில் சின்னச் செம்பு, வலது கை உடம்போடு ஒட்டி, கூட நடக்கலாம். கூட்டம் இடிக்காத ஓரமாக.

---

தோள்_டாக்டர் (டர்பன்):

ஒப்புக்கொள்கிறேன். சித்திரைக் காவடிக்கு ஏழு மாதம் ஆகியிருக்கும். ஆறாம் மாதம் அல்ட்ராசவுண்டில் தசைநாண் தொடர்ச்சியாக இருந்து, கையை 120 டிகிரிக்கு மேல் வலியின்றித் தூக்கிப் பிடிக்க முடிந்தால், மயிலிறகும் பூவும் மட்டும் கட்டிய லேசான காவடியை இடது தோளில் எடுக்கலாம். பருமனான தோளில் அல்ட்ராசவுண்டு தெளிவாகத் தெரியாமல் போகலாம். அப்போது எம்ஆர்ஐ, 70 செ.மீ. வாய் உள்ள இயந்திரமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், 60இல் அகன்ற தோள் சிரமப்படும். வலது தோளிலும் முதுகின் அந்தப் பக்கத்திலும் அலகு குத்த வேண்டாம், உள்ளே ஆங்கர் இருக்கிறது.

வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பதற்கு முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை வைத்துச் சோதித்துவிடுங்கள். காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் சர்க்கரை மாத்திரையின் அளவையும் டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்க வேண்டும்.